செக்ரோலில் பேர், இடாப்பில் பேர்: தொண்டமான் வாழ்க்கையும் வட்டுக்கோட்டைத் தீர்மானமும்



பெரட்டுக்களத்தில் நம்ம காதில் அடிக்கடி விழும் சொல் ‘பேர்’. முழுப் பேர், அரைப் பேர் என்று நாளாந்தம் பேசிக்கொள்கிறோம். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். ஆனால் நம்ம பாட்டன், பாட்டிமார் வேறொரு இடத்தில் தங்கள் பேர் விழாதா என்று நாற்பது வருடம் காத்திருந்தார்கள். அந்த இடம் வாக்காளர் இடாப்பு. தோட்டத்துச் செக்ரோலில் பேர் இருந்த ஆட்களுக்கு நாட்டின் இடாப்பில் பேர் இல்லாமல் போனது எப்படி? அது திரும்பி வந்தது எப்படி? தோட்டச் சொந்தக்காரராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த ஒருவரின் வாழ்க்கையை வைத்து இந்தப் பாடத்தைப் படிப்போம். அவர்தான் சௌமியமூர்த்தி தொண்டமான். இந்தக் கதையில் மலையகத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வட்டுக்கோட்டைக்கும் ஒரு முக்கியமான இடம் உண்டு.

தோட்டக்காரரே படைக்காரர், அவரே சட்டசபைக்காரர்

முதலில் கொஞ்சம் வெளிநாட்டுப் பக்கம் பார்ப்போம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனை எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு தோட்டக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. வர்ஜீனியாவில் மவுண்ட் வெர்னன் என்ற இடத்தில் அவருக்குப் பெரிய தோட்டம் இருந்தது. முதலில் புகையிலையும் பின்பு கோதுமையும் பயிரிட்டார்கள். அதே ஆள் வர்ஜீனியாப் படையில் கேர்னலாக இருந்தார். 1758 இல் வர்ஜீனியாச் சட்டமன்றத்துக்கும் தெரிவானார். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது புதுமையான காரியமல்ல. காணி வைத்திருந்தவருக்கு வோட்டு இருந்தது. வோட்டு இருந்தவருக்குச் சட்டசபை இருந்தது. படை அதிகாரமும் அவருக்கே போனது. தோட்டத்தில் உழைத்தவர்கள் அடிமைகள். வாஷிங்டன் 1799 இல் இறந்தபோது மவுண்ட் வெர்னனில் 300 பேருக்கு மேல் அடிமைகளாக இருந்தார்கள். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பேர் இருந்தது. வாக்காளர் பட்டியலில் ஒரு பேரும் இல்லை.

நம்ம நாட்டிலும் ஆரம்பம் கிட்டத்தட்ட அப்படித்தான். நம்ம ஆட்கள் அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள் அல்ல. ஆனாலும் கடனும் துண்டும் கங்காணியும் அவர்களைக் கட்டிவைத்தன. சட்டசபையில் பேசும் குரல் துரைமாரிடம் இருந்தது. 1833 இல் இலங்கையில் சட்டநிரூபண சபை உண்டானது. 1854 இல் தோட்டத் துரைமார் கண்டியில் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். 1900 இல் துரைமாரைக் கொண்டே ‘சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்’ என்ற தொண்டர் படை உருவானது. 1910 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கிராமப்புற ஐரோப்பியருக்கென்றே ஓர் ஆசனம் ஒதுக்கினார்கள். கிராமப்புற ஐரோப்பியர் என்றால் யார்? பெரும்பாலும் நம்ம தோட்டத்துத் துரைமார்தான். பங்களாவில் இருந்தவருக்குச் சங்கமும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது, ஆசனமும் இருந்தது. லயத்தில் இருந்தவருக்கு மூன்றும் இல்லை.

1823: இரண்டு ஆரம்பங்கள்

தென்னிந்தியாவிலிருந்து நம்ம முன்னோர் மலைநாட்டுக்கு வந்த ஆண்டாக 1823 ஐக் கணக்கு வைக்கிறார்கள். 2023 இல் 200 வருட நினைவை மலையகம் முழுவதும் நடத்தினோம். அதே 1823 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டு வட்டுக்கோட்டையிலும் ஒரு காரியம் நடந்தது. அமெரிக்க மிஷன்காரர் அங்கே ஓர் உயர்கல்விச் செமினரியைத் தொடங்கினார்கள். 1855 இல் அது மூடப்பட்டது. பின்பு 1872 இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி ஆரம்பமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களே.

ஒரே ஆண்டில் ஒரே மொழி பேசிய மக்களுக்கு இரண்டு ஆரம்பங்கள். வடக்கில் பள்ளிக்கூடம், மலைநாட்டில் கோப்பிக்காடு. இதில் யாரையும் குறை சொல்ல நாம் வரவில்லை. வடக்கிலும் எத்தனையோ ஏழைகளுக்குச் செமினரிக் கதவு திறக்கவில்லை. ஆனால் பின்னாளில் வடக்குத் தலைவர்களின் கவலையும் மலையகத் தலைவர்களின் கவலையும் ஏன் வேறுபட்டன என்பதை விளங்கிக்கொள்ள இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கங்காணி மகன்

சௌமியமூர்த்தி தொண்டமான் 1913 ஆகஸ்ட் 30 ஆம் திகதி தமிழ்நாட்டில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து முனப்புதூரில் பிறந்தார். தகப்பனார் கருப்பையா தொழிலாளியாக இலங்கைக்கு வந்தவர். பின்பு கங்காணியானார். அதற்குப் பின்பு றம்பொடையில் வேவண்டன் என்ற தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். துரைமார் ஆண்ட காலத்தில் ஒரு கங்காணி தோட்டச் சொந்தக்காரர் ஆனது பெரிய காரியம். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அப்படி நடக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

சிறுவனாக இலங்கைக்கு வந்த தொண்டமான் கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் படித்தார். வளர்ந்து தோட்டப் பொறுப்பை ஏற்றார். 1939 இல் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்து, இங்குள்ள இந்திய வம்சாவளியினர் பிரிந்து கிடக்காமல் ஒன்றுசேர வேண்டும் என்று ஆலோசனை சொன்னார். அதன் பேரில் அந்த ஜூலை மாதம் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உண்டானது. அடுத்த வருடம் அதன் தொழிற்சங்கமும் அமைந்தது. தொண்டமான் கம்பளைக் கிளைக்குத் தலைவரானார். 1945 இல் முழுக் காங்கிரசுக்கும் தலைவரானார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தோட்டம் வைத்திருப்பவர் எப்படித் தொழிலாளிக்காகப் பேசுவார்? அன்றைக்கே இந்தக் கேள்வியைப் பலர் கேட்டார்கள். இடதுசாரித் தொழிற்சங்கக்காரரும் கேட்டார்கள், மற்றச் சங்கத்தவரும் கேட்டார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது. துரைமாரின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று உள்ளேயிருந்து தெரிந்த ஒருவர் பேச்சு மேசையில் உட்கார்ந்தது லாபம் என்று அவர் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். கொழுந்து எடுக்கும் பெண்ணொருத்தி அந்த மேசையில் உட்கார எத்தனை காலம் ஆகும் என்று மறுபக்கத்தார் கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. படிக்கிற நாமே நிறுத்துப் பார்க்க வேண்டிய விசயம் இது.

வோட்டு வந்தது, வோட்டு போனது

1931 இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. 21 வயது வந்த ஆண், பெண் எல்லாருக்கும் வோட்டு என்ற கொள்கை. இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் நிரந்தர வாசம் பற்றிய நிபந்தனைகள் இருந்தன. அப்படியிருந்தும் தோட்டத்து மக்களின் குரல் சபைக்குப் போனது. 1931 இல் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய் மந்திரியும் ஆனார். 1936 இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் வென்றார். நடேசய்யரும் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேச்சாலும் பாட்டாலும் தொழிலாளரை எழுப்பியதை நம்ம பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் உயிர்விட்டார். வோட்டு, சங்கம் என்று நாம் இன்று லேசாகச் சொல்லும் சொற்களுக்குப் பின்னால் அந்த உயிரும் இருக்கிறது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் வென்றவர் தொண்டமான். மற்றும் பல தொகுதிகளில் தோட்டத்து வோட்டு இடதுசாரிகளுக்குப் போனது. ஆட்சியில் இருந்தவர்களுக்கு இது உறுத்தியது.

அடுத்த வருடமே அடி விழுந்தது. 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளியால் பிரசை என்று நிறுவ வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே? செக்ரோலில் பேர் இருக்கலாம். ஆனால் சட்டம் கேட்டது வேறு காகிதம். 1949 இல் வந்த 3 ஆம் இலக்கச் சட்டம், விவாகமானவருக்கு 7 வருடமும் விவாகமாகாதவருக்கு 10 வருடமும் தொடர்ந்து வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. அதே வருடத்து 48 ஆம் இலக்கச் சட்டம், பிரசை இல்லாதவரின் பேரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்தது. சுமார் 7 லட்சம் பேர் உரிமை இழந்தார்கள். பின்பு 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போட்டார்கள். 1964 வரைக்கும் பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான்.

இந்தச் சட்டங்கள் வடக்குத் தமிழ்த் தலைவர்களையும் பிரித்தன. ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர்; ஆனால் மந்திரியான பின்பு அடுத்த சட்டத்தை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதை ஏற்காமல் விலகினார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். ஆக, அந்தக் கட்சி பிறந்ததற்கு ஒரு முக்கிய காரணம் நம்ம மக்களின் பிரசாவுரிமைப் பிரச்சினைதான்.

ஆசனமில்லாத தலைவர்

1952 இல் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது. மாதக்கணக்கில் நடந்தது. சட்டம் மாறவில்லை. அந்த வருடத் தேர்தலில் தோட்டத்து மக்களின் பிரதிநிதி ஒருவரும் பாராளுமன்றம் போக முடியவில்லை. தொழிற்சங்கம் ‘இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்’ என்ற பேருடன் நின்றது. 1950களின் நடுவில் அப்துல் அசீஸ் பிரிந்து வேறு சங்கம் அமைத்தார். தொண்டமான் 1960 இலும் 1965 இலும் பாராளுமன்றத்துக்குப் போனது நியமன உறுப்பினராகத்தான். அதாவது மக்கள் போட்ட வோட்டில் போகவில்லை, பிரதமர்மார் கொடுத்த இடத்தில் போனார். வோட்டில்லாத மக்களின் தலைவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்க் கோச்சி புறப்படும்போது ஸ்டேசன்களில் எழுந்த அழுகையை நம்ம வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு வந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவும் நடந்தது.

வட்டுக்கோட்டையில் எழுதிய ஒரு வரி

இந்த நிலைமையில்தான் வட்டுக்கோட்டை வருகிறது. 1972 மே 14 இல் தமிழர் கூட்டணி அமைந்தது. செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் மூவரும் தலைவர்கள். 1948 இலும் 1949 இலும் வெவ்வேறு பாதையில் போனவர்கள் ஒரே மேடைக்கு வந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1976 மே 14 இல், வட்டுக்கோட்டைத் தொகுதியில் பண்ணாகம் என்ற ஊரில் மாநாடு நடந்தது. செல்வநாயகம் தலைமை தாங்கினார். தமிழர் விடுதலைக் கூட்டணி என்ற பேரில், தமிழருக்குத் தனி அரசு வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதுதான் வட்டுக்கோட்டைத் தீர்மானம்.

அந்தத் தீர்மானத்தைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். ஆனால் அதற்குள்ளேயே நம்ம மக்களைப் பற்றி ஒரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது. தொழிலாளர் காங்கிரஸ் தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கம். அந்தத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்கிறவர்கள். ஆகவே தனி அரசுக் கோரிக்கையில் அந்தச் சங்கத்துக்குத் தயக்கம் உண்டு. இதைக் கவனத்தில் எடுப்பதாகத் தீர்மானமே சொல்கிறது.

அந்தத் தயக்கம் ஏன்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை. நம்ம ஆட்கள் இருப்பது இங்கே. லயத்துக்குப் பக்கத்தில் சிங்களக் கிராமம். வடக்கில் ஒரு எல்லை போட்டால் அது பண்ணாகத்தைச் சேர்க்கும், தலவாக்கலையைச் சேர்க்காது. தலவாக்கலைத் தொழிலாளிக்கு அன்று அவசரமாகத் தேவைப்பட்டது நாடற்றவர் என்ற பேர் போவதும், சம்பளம் கூடுவதும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைப்பதும்தான். அதை இருக்கும் இடத்தில் இருந்தே கேட்க வேண்டியிருந்தது.

இது வடக்கு மக்களுக்குச் செய்த துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. அதுதான் புத்திசாலித்தனம் என்று புகழ்ந்தவர்களும் உண்டு. நாம் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். கூட்டு மேடையில் இருந்துகொண்டே, நம்ம ஆட்களின் நிலைமை வேறு என்று சொல்லி, அதை எழுத்தில் பதிய வைத்தது லேசான காரியமல்ல. கூட்டத்தோடு கையுயர்த்துவது எப்போதும் சுலபம்.

அந்தத் தயக்கத்தால் நம்ம மக்கள் தப்பிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1977 இலும் 1983 இலும் வன்செயல் தோட்டங்களிலும் புகுந்தது. வீடு வாசல் இழந்த பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. பிறகு அங்கே நடந்த யுத்தத்திலும் அவர்கள் அகப்பட்டார்கள். தீர்மானத்தில் ஒதுங்கி நின்றாலும் காலம் அவர்களை ஒதுங்கியிருக்க விடவில்லை.

பேர் திரும்பி வந்தது

1977 ஜூலைத் தேர்தலில், மூன்று உறுப்பினர்களைத் தெரியும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். 1947 க்குப் பிறகு 30 வருடம் கழித்து அவரது காங்கிரஸ் வோட்டு மூலம் வென்ற ஆசனம் அது. 1978 இல் அரசாங்கத்தில் சேர்ந்து கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி மந்திரியானார். இதையும் பலர் குறை சொன்னார்கள். முக்கியமாக 1983 க்குப் பின்பும் மந்திரியாக இருந்தது பற்றி வடக்கில் கோபம் இருந்தது.

ஆனால் மந்திரியாக இருந்துகொண்டே வேலைநிறுத்தமும் நடத்தினார். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதுவரை மலையில் நின்று கொழுந்து எடுத்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். 1985 இல் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் தமிழ்த் தரப்பு வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று, இலங்கையில் வாழும் தமிழர் எல்லாருக்கும் பிரசாவுரிமை என்பதாகும். 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. கல்லெறியவில்லை, கத்தவில்லை, வேலையை நிறுத்திச் சாமி கும்பிட்டார்கள். அந்த வருடமே நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1988 இல் 39 ஆம் இலக்கச் சட்டமும், விடுபட்டவர்களுக்காக 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்தன.

தொண்டமான் அவர்கள் 1999 ஒக்டோபர் 30 ஆம் திகதி காலமானார். 2003 சட்டத்தை அவர் பார்க்கவில்லை.

நாம் கற்பது என்ன?

வாஷிங்டனுக்கும் அந்தக் காலத்துத் துரைமாருக்கும் சட்டசபைக் கதவைத் திறந்தது காணி. தொண்டமானுக்கும் காணி இருந்தது. வோட்டுப் போய், ஆசனம் போன பின்பும் வேவண்டன் தோட்டம் அவரிடம் இருந்தது, அவர் வாழ்ந்திருப்பார். அவரைப் பேச்சு மேசைக்குத் திரும்பத் திரும்ப வரவழைத்தது அந்தத் தோட்டம் அல்ல. சந்தாக் கட்டி, சங்கத்தில் நின்று, கூப்பிட்டபோது வேலையை நிறுத்திய லட்சக்கணக்கான ஆட்கள்தான். வோட்டில்லாத காலத்தில் சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பே நம்ம வாக்காளர் இடாப்பாக இருந்தது.

இன்றைக்கு இரண்டு இடாப்பிலும் பேர் போட நமக்கு உரிமை உண்டு. ஆனால் பேர் தானாக விழாது. இடாப்பைப் புதுப்பிக்கும் காலத்தில் கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்கள். 18 வயதான பிள்ளையின் பேர் சேர்ந்ததா? கொழும்புக்கு வேலைக்குப் போன மகளின் பேர் எங்கே இருக்கிறது? பிள்ளை பிறந்தால் பிறப்புப் பதிவை அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பூட்டனுக்கு இல்லாமல் போன ஒரு துண்டுக் காகிதத்தால் பேரப்பிள்ளைகள் நாற்பது வருடம் நாடற்றவர்களாக இருந்த கதையைத்தான் இப்போது படித்தோம்.

வாசிகசாலையில் கூடிப் பேச சில கேள்விகள்

1. 1948 சட்டப்படி உங்கள் குடும்பத்தில் யாருக்குப் பிரசாவுரிமை கிடைத்திருக்கும்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

2. தோட்டச் சொந்தக்காரர் ஒருவர் தொழிலாளர் தலைவராக இருப்பதில் நன்மை என்ன, தீமை என்ன?

3. 1976 இல் நீங்கள் தொழிலாளர் காங்கிரசின் அங்கத்தவராக இருந்திருந்தால், வட்டுக்கோட்டையில் எப்படி நடக்கச் சொல்லியிருப்பீர்கள்? ஏன்?

4. உங்கள் லயத்தில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரின் பேர் இடாப்பில் இருக்கிறது?

நான்காவது கேள்விக்குப் புத்தகம் தேவையில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே லயத்தின் முதல் காம்பராவிலிருந்து தொடங்கலாம்.